புத்தூர்ப் புற்றும் விதானையார் கிணறும்

விதானையார் சின்னத்தம்பி முற்றத்தில் நின்றார். அவர் மனைவி நாகம்மா வாசற்படியில் நின்றார். அவர்கள் தோட்டத்தில் வேலை செய்கிற கந்தன் வேலிக்கு வெளியே நின்றான். மாட்டுவண்டியிலிருந்து புரொபசர் ஞானமுத்து ஐயா குதித்தார். பிறகு நான் இறங்கினேன். ஆக ஐந்து பேர். வண்டிக்காரர் மாட்டை அவிழ்க்காமலே திரும்பிவிட்டார், அவரைச் சேர்க்கவில்லை. மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இருந்த புற்றில் ஒரு நாகம் குடியிருப்பதாகச் சொன்னார்கள். அதைச் சேர்த்தால் ஆறு.

ஊர் யாழ்ப்பாணத்துப் புத்தூர். விதானையார் என்றால் அந்த நாட்டில் ஊர்த்தலைவர். எங்கள் மதுரைப் பக்கத்து மணியக்காரர் மாதிரி. சொன்னால் நடக்கும்.

நாங்கள் போனது கறையானுக்காக. ஐயா கல்லூரியில் பூச்சிப் பாடம் சொல்பவர். நான் அவர் அறையில் கண்ணாடி கழுவுகிறவன், பெட்டி தூக்குகிறவன். மூன்றாவது வரை படித்தேன். ஒரு புற்றுக்குள் கூலி, சிப்பாய், ஈசல், ராஜா, ராணி என்று சாதி சாதியாக இருக்கும். ஒவ்வொரு சாதிக்கும் மூளை ஒவ்வொரு மாதிரி. அதை வெட்டி வெட்டிப் பார்ப்பதுதான் ஐயாவுக்கு வேலை. மதுரைக் கறையானைப் பார்த்தாயிற்று. யாழ்ப்பாணச் செம்மண்ணில் இருப்பதையும் பார்க்க வேண்டும், எல்லாச் சாதியும் ஒரே புற்றில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்றார். உடுப்பிட்டிப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் விதானையாருக்கு எழுதி ஏற்பாடு செய்தார். கூட வருவதாகச் சொன்ன அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவர் வந்திருந்தால் எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை.

விதானையார் நேரே என்னிடம் வந்தார். கை கூப்பினார்.

"வாங்கோ புரொபசர். உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்."

அவர் மேல் குற்றம் இல்லை. எங்கள் துணிப்பெட்டி ரயிலில் எங்கோ தங்கிவிட்டது. ஐயா கரி படிந்த சட்டையைக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தார். இடுப்பில் ஒரு வேட்டி, தோளில் மண்வெட்டி, கருத்த உடம்பு. நான் கல்லூரி தந்த வெள்ளைக் கோட்டில் இருந்தேன். கழுத்துவரை பித்தளைப் பொத்தான். மதுரையில் அதைப் பார்த்தால் பியூன் என்று தெரியும், குறுக்கே சிவப்பு டவாலி கிடக்கும். அந்த டவாலி தொலைந்த துணிப்பெட்டிக்குள் இருந்தது. கையில் மைக்ராஸ்கோப்புப் பெட்டி. தேக்கு மரம், பித்தளைப் பூட்டு. அதை யாரிடமும் கொடுக்கக் கூடாது, தரையில் வைக்கக் கூடாது என்பது ஐயா உத்தரவு. அதனால் சும்மா கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். துரை மாதிரித்தான் இருந்திருக்கும்.

நான் வாய் திறந்தேன். ஐயா பின்னாலிருந்து கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"இருக்கட்டும் மாயாண்டி" என்று காதில் சொன்னார். "நான்தான் புரொபசர் என்றால் என்னைத் தோண்ட விடமாட்டார். ஆள் விட்டுக் கடப்பாரை போடுவார். ராணி நசுங்கிப் போய்விடும். நாலு நாள்தானே."

நாலு நாள்தானே. அவர் படித்தவர், கிறிஸ்து வேதக்காரர். அவருக்கு அது வேடிக்கை. நான் சேரியில் பிறந்தவன்.

வழியில் வண்டிக்காரர் ஒன்று சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில், பெஞ்சில், இருத்தச் சொல்லி உத்தரவு வந்ததாம். "அடுத்த கிழமை ரெண்டு பள்ளிக்கூடக் கொட்டில் எரிஞ்சுது. ஆர் எரிச்சதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்லி மாட்டைத் தட்டினார். ஐயா அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்.

விறாந்தையில் எனக்குக் கதிரை போட்டார்கள். ஐயா கீழே உட்கார்ந்தார். நாகம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். எனக்குப் பித்தளைத் தம்ளர், பக்கத்தில் பனங்கட்டி. ஐயாவுக்குச் சிரட்டை, எங்கள் ஊர்க் கொட்டாங்கச்சி. கந்தனுக்கும் சிரட்டை, வேலி ஓரம் வைத்தார். ஐயா சிரட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சந்தோஷமாகக் குடித்தார்.

தம்ளர் என் முன் வந்தபோது என் இரண்டு கையும் தாமாகக் குவிந்து வாய்க்குப் போயின. மேலிருந்து ஊற்றுவார்கள் என்று கை நினைத்துவிட்டது. பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். விதானையார் பார்க்கவில்லை. நாகம்மா பார்க்கவில்லை. வேலிக்கு அப்பாலிருந்து கந்தன் பார்த்தான்.

தேத்தண்ணி என்ன ருசி என்று எனக்குத் தெரியாது.

"உங்கடை வேலையாள் ஆர் ஆக்கள்?" என்று விதானையார் ஐயாவைக் காட்டிக் கேட்டார். என்ன சாதி என்று அர்த்தம்.

"நல்ல மனுஷன்" என்றேன்.

"அதைக் கேக்கேல்லை."

"எனக்குத் தெரியாதுங்க. கல்லூரியில் சேர்த்த ஆள்."

"அப்ப சிரட்டை போதும்" என்றார். என் சாதியைக் கேட்கவில்லை. கோட்டைப் பார்த்ததே அவருக்குப் போதும்.

சாப்பாடு குறையில்லை. மத்தியானம் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய். இரவு புட்டு. எல்லாவற்றிலும் தேங்காய்ப்பால். எங்கள் பக்கம் புளி, அங்கே பால். நாகம்மா பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் போடட்டோ? வெக்கப்படாதையுங்கோ" என்று அள்ளி வைப்பார். அவர் கை என் இலைக்கு மேலே வரும்போதெல்லாம் நான் மூச்சு விடமாட்டேன்.

அந்த நாட்டில் ஆறு இல்லை. மதுரையில் வைகை இருக்கிறது, தண்ணீர் வருகிறதோ இல்லையோ, மணலைத் தோண்டிக் குடிக்கலாம். இங்கே எல்லாம் கிணறு. வீட்டுக்கு ஒரு கிணறு. துலா என்று நீண்ட மரம், நுனியில் கயிறு, கயிற்றில் வாளி. கந்தன் வீட்டுப் பெண்கள் குடத்தோடு வந்து தூரத்தில் நிற்பார்கள். வீட்டு ஆள் யாராவது வந்து அள்ளி ஊற்றினால்தான் தண்ணீர். நாகம்மாவுக்குச் சமையல் இருந்தால் அவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள்.

"கிணத்தடிக்குப் போய் நல்லா முழுகுங்கோ" என்றார் விதானையார்.

சளி என்றேன். மறுநாளும் சளி என்றேன். நாகம்மா மல்லி அவித்துத் தந்தார்.

இரண்டாம் நாள் மைக்ராஸ்கோப்பைப் பார்க்க வேண்டும் என்று விதானையார் ஆசைப்பட்டார். பெட்டியைத் திறந்தேன். மதுரைக் கறையானின் மூளையை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடுகள் உள்ளே இருந்தன. வெளிச்சம் திருப்புவது எனக்குத் தெரியும், தினம் துடைக்கிறவன்தானே. ஐயா கீழே உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு இறுக்கிக்கொண்டிருந்தார்.

விதானையார் ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். "என்ன இது, ரெண்டு காளான் முளைச்ச மாதிரி?"

"மூளைங்க. அந்தக் காளான் மாதிரி இருக்கிற இடத்தில்தான் அதுக்கு ஞாபகம், புத்தி என்று சொல்வார்கள்."

"ஆர் சொல்லுறது?"

"படித்தவங்க" என்று சொல்லிவிட்டேன். அங்கே படித்தவன் நான்தானே. அவர் கவனிக்கவில்லை. அடுத்த தகட்டை வைத்தேன்.

"இது ஆர்?"

"ஈசல். வெளியே பறக்கிற சாதி. இந்த இரண்டு ஓரமும் கண்ணுக்கான இடம். பெரிசாக இருக்கும். கூலிக்கும் சிப்பாய்க்கும் கண்ணே இல்லை. அந்த இடம் இருக்கிறதே தெரியாது."

"சிப்பாயின்ரை தலை உவ்வளவு பெரிசா கிடக்கு. மூளையும் பெரிசோ?"

"இல்லைங்க. உள்ளே முழுக்கத் தாடைச் சதை. மூளை ஒரு மூலையில் கொஞ்சம்."

விதானையார் சிரித்தார். "எங்கடை பொலிஸ்காரன் மாதிரி."

நானும் சிரித்தேன். அந்த ஊரில் நான் சிரித்தது அந்த ஒரு தடவை. அடுத்த கேள்வியில் அது போய்விட்டது.

"அப்ப கூலிச் சாதிக்கு மூளை மட்டம்தானே?"

காம்பு தட்டுகிற சத்தம் நின்றது. ஐயா கேட்டுக்கொண்டிருந்தார். வேலி ஓரம் கந்தன் தென்னோலைக் கிடுகு கட்டிக்கொண்டிருந்தான், அவன் கையும் நின்றது.

என்ன சொன்னால் உதை விழாது என்று யோசித்தேன். தகட்டில் பார்த்ததைச் சொன்னேன். "மட்டம் இல்லைங்க. அந்தக் காளான் இடம் கூலிக்கும் நன்றாகவே இருக்கிறது. கூடு கட்டுவது, குஞ்சுக்கு ஊட்டுவது எல்லாம் அதுதானே செய்கிறது. கண்ணுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்."

"எல்லாம் வேறை வேறை தாய்க்குப் பிறந்ததோ?"

"ஒரே ராணிங்க. முட்டை எல்லாம் ஒன்றுபோல இருக்கும்."

"பிறகு எப்பிடிச் சாதி வேறையாகுது?"

எனக்குத் தெரியாது. கீழேயிருந்து ஐயா, "அது இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாதுங்க" என்றார்.

"உன்னை ஆர் கேட்டது?" என்றார் விதானையார். "புரொபசரோடை கதைக்கேக்கை குறுக்கை வாறாய். உந்தாளுக்கு நல்லா இடம் குடுத்து வைச்சிருக்கிறியள் ஐயா."

ஐயா தலை குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது, சிரிப்பை அடக்கினார். நான் தகடுகளை எடுத்துப் பெட்டியை மூடினேன்.

மூன்றாம் நாள் காலை புற்று. ஓர் ஆள் உயரம், செம்மண். நாகம்மா வெள்ளிக்கிழமைகளில் பால் ஊற்றுகிற புற்று. கறையான் கொட்டில் தூண்வரை ஏறிவிட்டது, எடுத்தாக வேண்டும். ஊரில் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள். நாகம்மாதான் வழி கண்டுபிடித்தார்.

"வெளியூரான் தோண்டட்டும். பாவம் கடலுக்கு அங்காலை போயிடும்" என்றார். கற்பூரம் கொளுத்திவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். விதானையார் விறாந்தையிலேயே நின்றார். அதற்கு இப்பால் வரவில்லை.

ஐயா தோண்டினார். கந்தன் மண்ணைப் பனையோலைக் கடகத்தில் அள்ளிப் பின்வேலிக்குக் கொண்டுபோனான். நான் மருந்துக் குப்பியைத் திறந்து பிடித்தேன். தலையை உயிரோடு மருந்தில் போட வேண்டும், தாமதித்தால் மூளை கூழாகிவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் உள்ளேயிருந்து பாம்பு சீறுவதாக எனக்குக் கேட்டது. அரை ஆள் ஆழத்தில் ஒரு பாம்புச் சட்டை கிடைத்தது. வெள்ளையாக, முழுசாக. கந்தன் கும்பிட்டு வேப்பங்கொப்பில் போட்டான். பாம்பு வரவில்லை.

சிப்பாய்கள் வந்தன. தோலைக் கவ்வினால் தலை அறுந்தாலும் விடாது. கந்தனின் முழங்கைவரை இரத்தப் பொட்டு. பிறகு ஐயா மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் தோண்டினார். கல் மாதிரி ஓர் உருண்டை வந்தது. உடைத்தார். உள்ளே ராணி கிடந்தது. விரல் பருமன், பால் நிறம், நகர முடியாத வயிறு. அதன் முனையில் எள் அளவு தலை. பக்கத்தில் ராஜா.

"மாயாண்டி, பார்" என்றார். "ஒரு காலத்தில் இதுவும் பறந்தது. கண் இருந்தது. எத்தனை வருஷம் இருட்டில் கிடந்ததோ. அந்தக் கண்ணுக்கான இடம் மூளையில் இன்னும் இருக்கிறதா, ஒடுங்கிவிட்டதா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்."

குனிந்து ராணியைக் குப்பியில் இறக்கினார். அந்த நேரம் பார்த்து ஒரு சிப்பாய் அவர் கட்டைவிரல் இடுக்கில் கவ்வியது. கை உதறியது. மருந்து தெறித்து அவர் முகத்தில் விழுந்தது.

"கண்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த மருந்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பூச்சித் தலையை ஒரு மூச்சில் இறுக்கிவிடும். உடனே தண்ணீர், நிறையத் தண்ணீர் என்று ஐயாவே சொல்லித் தந்தது.

கிணறு கொட்டிலுக்கு மறுபக்கம். கந்தன் அதற்குக் கிட்ட நின்றான். வாளி அவன் கைக்கு எட்டும். "தண்ணி, தண்ணி" என்று கத்தினான். கை இரண்டையும் மார்பில் கட்டிக்கொண்டு கத்தினான். தொடவில்லை. விதானையார் விறாந்தையில் நின்று, "நாகம்மா, தண்ணி கொண்டா" என்றார். கதவு திறக்கவில்லை. உள்ளே மணி கிலுக்கிப் பூசை நடந்தது.

ஐயா கண்ணைப் பொத்திக்கொண்டு என் பெயரைச் சொன்னார்.

ஓடினேன். கயிற்றைப் பிடித்தேன். எங்கள் ஊரில் இப்படி ஒரு கிணற்றைத் தொட்ட என் சித்தப்பாவுக்கு அதன் பிறகு வலது கை நிமிரவில்லை. துலா இறங்கியது. வாளி நிறைந்தது. ஐயாவின் இமையைப் பிரித்து ஊற்றினேன். அவர் போதும் என்று சொல்லும்வரை அள்ளி அள்ளி ஊற்றினேன். விதானையார் ஓடிவந்து அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். வேலையாளாக இருந்தாலும் அந்த நேரம் அவர் தொட்டார், அதைச் சொல்ல வேண்டும்.

நானும் கந்தனும் மட்டும் நின்றோம். அவன் கையில் இரத்தமும் மண்ணும் காய்ந்துகொண்டிருந்தன. அவன் வழக்கம்போல நின்றான், யாராவது வந்து ஊற்றட்டும் என்று. நான் மறுபடியும் வாளியை இறக்கினேன். அவன் கை குவித்தான். ஊற்றினேன். முதலில் கழுவினான், பிறகு குடித்தான். குடித்து முடித்து என் கையைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று அந்தியில் ஐயா கண் திறந்தார். சிவந்திருந்தது. பார்வை இருந்தது.

நாலாம் நாள் காலை புறப்பட இருந்தோம். ரயிலில் தொலைந்த பெட்டி ஒரு வண்டியில் வந்து இறங்கியது. மூடியில் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்ததை விதானையார் எழுத்துக்கூட்டினார். "புரொபசர் ஞானமுத்து. உங்கடை பேர் மாயாண்டி எண்டெல்லோ உந்தாள் கூப்பிட்டது?"

ஐயா சட்டை கிடைத்த சந்தோஷத்தில் பெட்டியைத் திறந்தார். மேலே என் டவாலி. சிவப்புத் துணி, பித்தளை வில்லை. ஐயா கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக் கண்ணாடியை மாட்டினார். விதானையாருக்கு முகம் வெளுத்தது.

"நான் உங்களுக்குச் சிரட்டையிலை தந்தனான்."

"நல்ல தேத்தண்ணி" என்றார் ஐயா. "மன்னிக்க வேண்டும், குற்றம் என்னுடையது. மாயாண்டி என் உதவிக்கு இருக்கிறவர்."

விதானையார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். கைகூப்பல் இல்லை.

"நீ ஆர்? ஆர் ஆக்கள்?"

எனக்கு முன்னால் ஐயா பதில் சொன்னார். "எங்கள் கல்லூரியில் நாங்கள் சாதி கேட்பதில்லை."

நல்ல மனசோடு சொன்னார். அதைவிட மோசமான பதில் அந்த இடத்தில் கிடையாது. விதானையாரின் கண் என்னை விட்டுக் கிணற்றுக்குப் போனது. பிறகு என் இலை போட்ட இடத்துக்குப் போனது. நாகம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டார். பின்வேலிக்கு அப்பால் இரண்டு ஆட்கள் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். ஒருவன் கையில் கொடுவாக்கத்தி. எனக்கு ஓடத் தோன்றவில்லை.

"கிணத்தைத் தொட்டவன்" என்றார் நாகம்மா.

அப்போது வேலி ஓரத்திலிருந்து கந்தன் பேசினான். அவனை யாரும் கேட்கவில்லை.

"நயினார், உவர் எனக்குத் தண்ணி வாத்தவர்."

"என்னடா?"

"நேத்து. கிணத்திலை அள்ளி, நான் கையேந்த, மேலை நிண்டு வாத்தவர். கை படாமல் வாத்தவர். வீட்டு நாச்சியார் வாக்கிறமாதிரியே வாத்தவர்."

விதானையார் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் யார் என்று கந்தன் அறிந்துதான் சொன்னான். பொய் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் தெரிய வந்தால் முதலில் எரிவது அவன் குடிசை.

"வாத்தவரோ?" என்றார் நாகம்மா. வாயிலிருந்து சேலை இறங்கியது. "அப்ப எங்கடை பகுதி ஆளாத்தான் இருக்கும். வேறை ஆர் உவனுக்கு வாப்பினம்?"

விதானையார் பெருமூச்சு விட்டார். அவருக்கும் அது வேண்டியிருந்தது. இல்லையென்றால் கிணறு இறைக்க வேண்டும், சாந்தி செய்ய வேண்டும், ஊர் முழுக்கச் சிரிக்கும். கத்தி வைத்திருந்தவன் மறுபடி குனிந்தான்.

"பேந்தென்ன தம்பி" என்றார் என்னைப் பார்த்து. அவருக்கு ஐயாவாக இருந்த நான் தம்பி ஆகிவிட்டேன். "சாப்பிட்டிட்டு வெளிக்கிடும்."

இடியப்பமும் சொதியும். சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயும் விழுங்கினேன். மிச்சம் வைத்தால் சந்தேகம் வரும்.

கந்தன் பெட்டியைத் தலையில் வைத்துப் பருத்தித்துறை ரோட்டு வரை வந்தான். ஐயா முன்னால் நடந்தார், கையில் அந்தச் சிரட்டை. கேட்டு வாங்கிக்கொண்டார். வண்டியில் பெட்டியை ஏற்றும்போது கந்தன் என் பக்கம் குனிந்தான்.

"அண்ணை" என்றான். முதல் தடவை. "கை குவிச்சதை முதல்நாளே பாத்தனான்."

"தெரியும்" என்றேன்.

"இனி உந்தக் கோட்டோடை இந்தப் பக்கம் வராதையுங்கோ, அண்ணை."

"வரமாட்டேன்."

வண்டி நகர்ந்தது. ரோட்டு முடியும்வரை யாராவது பின்னால் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கப்பலில் ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்ப்பதை விட்டேன்.

மதுரையில் ராணியின் தலையைச் சீவிப் பார்த்தோம். ஈசலுக்குப் பெரிசாக இருந்த கண்ணுக்கான இடம் ராணிக்கு ஒடுங்கியிருந்தது. காளான் இடம் அப்படியே இருந்தது. ஐயா அதைப் படம் வரைந்தார். அவருடைய மேசையில் ஊசிகள் இப்போது அந்தச் சிரட்டையில் கிடக்கின்றன.

மருந்து பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அறையில் எழுதி ஒட்டப்போவதாகச் சொன்னார். "என் கண்ணுக்கு எத்தனை வாளி ஊற்றினாய், மாயாண்டி?" என்று கேட்டார்.

ஆறு என்றேன்.

கண்ணுக்கு ஆறு. கந்தனுக்கும் சேர்த்துக் கிணற்றில் அள்ளியது ஏழு.